பின்னட்டைப் படத்துக்கு வரும் பொற்கொடிக்கு

தாராவி, மும்பை

அன்புள்ள பொற்கொடி,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் பேரப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

உன் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று படித்ததும் என் போட்டோ ஸ்டுடியோவில் நின்றவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டினேன். பாளையங்கோட்டை விடுதி மொட்டை மாடியில் எனக்குத் தொகையீட்டுக் கணக்கு (இன்டெகிரேஷன்) சொல்லிக் கொடுத்தவள் நீ. எனக்குப் புரியும்வரை அதே கணக்கை வேறு வேறு வழியில் போட்டுக் காட்டுவாயே, அந்தப் பொறுமை இனி முகம் தெரியாத பிள்ளைகளுக்கும் கிடைக்கப் போகிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த வருஷம் மழை கடைக்குள் வரவில்லை. கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் வாசலில் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். தாராவியை இடித்துக் கட்டும்போது ஸ்டுடியோவுக்கு எந்த இடம் தருவார்கள் என்பதுதான் வீட்டில் தினமும் பேச்சு. பெரியவன் கல்யாண வீடுகளுக்கு டிரோன் பறக்கவிடப் போகிறான், கை தேறிவிட்டது. ஜெயா போஸ்ட் ஆபீஸில் ஓய்வு வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கே போய்விட்டாள், உன்னிடமும் சொல்லியிருப்பாள்.

இப்போது படம். பதிப்பகத்தில் பின்னட்டைக்குப் படம் கேட்கிறார்கள், ஆதார் அட்டையில் இருப்பதையே கொடுத்துவிடலாமா, இல்லை அண்ணன் போனில் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஏட்டி, இரண்டும் வேண்டாம். எப்படியும் தீபாவளி கழிந்து மகள் வீட்டுக்கு டோம்பிவிலி வரத்தான் போகிறாய். அப்போது ஒரு பகல் எனக்குக் கொடு. நான் எடுக்கிறேன். அதற்கு என்னென்ன செய்துகொண்டு வர வேண்டும் என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆதார் படம் எடுக்கிற இடத்தில் வெளிச்சம் உச்சியில் இருக்கும். தலைக்கு மேலே ட்யூப் லைட் எரிந்தால் புருவத்தின் நிழல் கண்ணுக்குள் விழும், கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தெரியும், மூக்கின் நிழல் மேலுதட்டில் உட்காரும். யாராக இருந்தாலும் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரிதான் இருப்பார்கள். போன் படத்தில் வேறு சங்கடம். அண்ணன் கையெட்டும் தூரத்தில் நின்று எடுப்பார். அந்தத் தூரத்தில் உன் மூக்கு லென்ஸுக்குக் கிட்டே, காது எட்டத்தில். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும், முகம் நடுவில் உப்பிக்கொள்ளும். நாங்கள் 85 எம்எம் லென்ஸ் போட்டு ஆறேழு அடி தள்ளி நிற்பது இதற்காகத்தான். அவ்வளவு தூரம் போனால் மூக்கும் காதும் தத்தம் அளவில் நிற்கும். உனக்கு இதை விளக்கவே தேவையில்லை, தூரங்களின் விகிதக் கணக்குதானே.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போன மாதம் ஒரு பையன் வந்தான். வாசல்படிக்குக் கீழேயே நின்றான். அம்மா தவறிவிட்டார்களாம், காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமாம். போனை நீட்டினான். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படம். மாப்பிள்ளைக்குப் பின்னால், இரண்டு பேருடைய தோளுக்கு நடுவில், அந்த அம்மாவின் முகம் என் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. யாரையோ கூப்பிட வாய் திறந்திருக்கிறது, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. வேறு படம் இல்லையா தம்பி என்றேன். "அம்மாதான் எங்க எல்லாரையும் எடுப்பாங்க, இல்லன்னா அடுப்படியில நிப்பாங்க அக்கா" என்றான். அந்த அம்மாவின் ஆதார் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ராத்திரி உட்கார்ந்து, அந்த அட்டைப் படத்திலிருந்து வாயையும் கண்ணையும் எடுத்து, கல்யாணப் படத்திலிருந்த முகவெட்டில் பொருத்தி ஒரு முகம் செய்து கொடுத்தேன். அவன் வெகுநேரம் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. பணத்தை மேசையில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான்.

இப்படி வருகிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. அவர்கள் கொண்டுவருவதும் அநேகமாக அம்மாக்கள், ஆத்தாக்கள், அத்தைகள் படமாகத்தான் இருக்கும். ஆண்களுக்கு வேலைக்கு மனுப் போட்ட படமாவது ஒன்று இருக்கும். நம் வயதுப் பெண்களுக்குக் கல்யாணப் படத்துக்குப் பிறகு, தன்னை மட்டும் உட்காரவைத்து, நேரம் எடுத்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லாமல் போயிருக்கிறது. உனக்கு அப்படி ஆகக் கூடாது. பதிப்பகம் கேட்டதை நல்ல சாக்காக வைத்துக்கொள்.

கணக்குக்காரியான உனக்கு ராமானுஜன் படத்தின் கதை தெரிந்திருக்கும். அதை நான் படம் எடுக்கிறவளாக நினைத்துப் பார்ப்பேன். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த முகம், 1919-ல் அவர் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்புவதற்காக எடுத்த பாஸ்போர்ட் படம். கேம்பிரிட்ஜில் நாலைந்து பேரோடு நின்ற படங்கள் இருந்தன. ஆனால் அவரை அங்கே அழைத்துக்கொண்ட கணிதப் பேராசிரியர் ஹார்டி, ராமானுஜனைப் பற்றிய தன் சொற்பொழிவுகளைப் புத்தகமாகப் போடும்போது சேர்க்க நல்ல தனிப்படம் ஒன்று கையில் இல்லை. 1936-ல் ஊருக்கு வந்த வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகரிடம் தேடித்தரச் சொன்னார். அவர் சென்னையில் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைப் பார்க்கப் போனபோது அந்த அம்மாள் பாதுகாத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டிலிருந்து கிடைத்ததுதான் இந்தப் படம். அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் பின்னாளில் மார்பளவுச் சிலை வார்த்ததும் இதை வைத்துத்தான். நோயாளியாக இருந்தபோது எடுத்தது. கன்னம் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் அந்தக் கண் அப்படியே நம்மைப் பார்க்கிறது. லண்டனிலோ எங்கேயோ, பெயர் தெரியாத ஒருவர் அன்று வெளிச்சத்தைச் சரியான பக்கம் வைத்தாரே, அவருக்கு நான் மனசுக்குள் கும்பிடு போடுவேன்.

நிறத்தைப் பற்றித்தான் உன்னிடம் நிறையப் பேச வேண்டும். உன் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. முகம் ஒரு நிறம், மடியில் வைத்த கை ஒரு நிறம். யாரும் கேட்காமலே அந்த ஸ்டுடியோவில் உன் முகத்தை மட்டும் வெளுத்திருந்தார்கள். நீ அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாய். பிறகு நான் மும்பை வந்து தாதரில் ஒரு மராத்திப் பெரியவரிடம் ரீடச்சிங் கற்றபோதுதான் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தது. நெகட்டிவில் முகம் இருக்கிற இடத்தில் கூரான பென்சிலால் மெல்ல மெல்லத் தேய்ப்பார்கள், இல்லையென்றால் சிவப்புச் சாயத்தை மெல்லிய பிரஷால் பூசுவார்கள். நெகட்டிவ் அந்த இடத்தில் அடர்த்தியாகும். பிரிண்ட் போடும்போது வெளிச்சம் குறைவாக ஊடுருவும், தாளில் அந்த இடம் வெளுப்பாக விழும். கைக்கும் செய்ய நேரமிருக்காது, முகத்தோடு விட்டுவிடுவார்கள். இன்றைக்கு அதே வேலையை போன் சொல்லாமலே செய்துவிடுகிறது.

பிலிமே நமக்காகச் செய்ததில்லை பொற்கொடி. 1950-களிலிருந்து கோடக் கம்பெனி பிலிம் கழுவிப் பிரிண்ட் போடுகிற லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும், ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இருப்பாள். அவள் தோல் சரியாக விழுந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. கறுத்த தோலில் இருக்கிற மேடுபள்ளம், பளபளப்பு எதுவும் அந்தக் கணக்குக்குள் வராது. சாக்லேட் செய்கிறவர்களும் மரச்சாமான் செய்கிறவர்களும் விளம்பரப் படத்தில் தங்கள் சரக்கின் பழுப்பு சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகே பிலிமைத் திருத்தினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மனுஷ முகத்துக்காகத் திருத்தவில்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் என் கடையில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். யாருடைய நிறத்தையும் ஏற்ற மாட்டோம். "கொஞ்சம் பிரைட் பண்ணுங்க" என்று கேட்பார்கள். வெளிச்சத்தைத் திருத்துகிறேன், உங்களைத் திருத்த மாட்டேன் என்பேன். சிலர் எழுந்து போயிருக்கிறார்கள், போகட்டும். உன் முகத்தில் கன்ன எலும்பின் மேல் ஒரு மினுக்கம் உண்டு, மொட்டை மாடியில் சாயங்கால வெயிலில் நான் பார்த்தது. வெளிர்ந்த தோல் நிழலால் வடிவம் காட்டும். கறுத்த தோல் அந்த மினுக்கத்தால் வடிவம் காட்டும். அதற்குச் சின்ன பிளாஷை முகத்துக்கு நேரே அடிக்கக் கூடாது. பெரிய சாப்ட்பாக்ஸை, அதாவது வெள்ளைத் துணி மூடிய விளக்குப் பெட்டியை, பக்கவாட்டில் கொஞ்சம் உயர்த்தி வைத்து, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் நிறுத்தி, பின்னாலிருந்து கூந்தலுக்கு ஒரு மெல்லிய விளக்கு கொடுத்தால் போதும். முகம் முழுதாக எழுந்து வரும். பின்னணிக்குக் கறுப்பு வேண்டாம், காவிக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு துணி வைத்திருக்கிறேன், உனக்கென்றே இருக்கிறது.

இனி நீ செய்ய வேண்டியவை. ரயிலில் இறங்கின மறுநாளே வராதே. ஒன்றரை நாள் உட்கார்ந்தே வந்தால் முகம் வீங்கும், கண் சிவக்கும். கல்யாணில் இறங்கி மகள் வீட்டில் இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கு. புருவம் எடுக்கிற பழக்கம் இருந்தால் நாலு நாளுக்கு முன்னாலேயே முடித்துவிடு, தோல் சிவந்து தடித்தது அடங்க வேண்டும். ஃபேஷியல், ப்ளீச் பக்கம் போகவே போகாதே. புதிதாக எந்தக் க்ரீமும் போட்டுப் பார்க்காதே, ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாள் பாழ்.

தலைமுடிக்கு டை அடிக்கலாமா என்று கேட்டாய். இப்போது நீ அடிப்பதில்லை என்று ஜெயா சொன்னாள். அப்படியே விடு. கறுப்புச் சாயம் படத்தில் ஒரே திட்டாக விழும், ஒரு முடிக்கும் அடுத்த முடிக்கும் வித்தியாசம் தெரியாது. உன் முன்நெற்றி நரை பின்விளக்கில் இழை இழையாகப் பிரிந்து வரும். உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் பார்க்கிற தலையும் அதுதானே.

பவுடர் மட்டும் போடவே கூடாது. நம் ஊர்ப் பழக்கம், வெளியே கிளம்பினால் கை தானாகப் பவுடர் டப்பாவுக்குப் போகும். டால்கம் பவுடர் கறுத்த முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி விழும். சன்ஸ்கிரீன் க்ரீமிலும் டைட்டானியம், ஜிங்க் கலந்தவை பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகத்தில் வெள்ளைப் படலம் காட்டும். முகத்தைக் கழுவி, லேசாகத் தேங்காயெண்ணெயோ சாதாரண க்ரீமோ தடவினால் போதும். நெற்றியில் எண்ணெய் வழிந்தால் நான் மெல்லிய தாளால் ஒற்றி எடுத்துக்கொள்கிறேன்.

சேலை விஷயத்தில் உன் பட்டுகளை நினைத்து முன்கூட்டியே சொல்கிறேன். கல்யாணப் பட்டு வேண்டாம். ஜரிகை வெளிச்சத்தை வாரிக்கொண்டு போய்விடும், பார்க்கிறவர் கண் முகத்துக்கு வராமல் பார்டரிலேயே நிற்கும். நெருக்கமான சின்னக் கட்டம், மெல்லிய கோடு போட்டவையும் ஆகாது. கேமராவில் அந்தக் கோடுகள் நெளிநெளியாக அலை அடிக்கும், அதைத் திருத்துவது பெரிய பாடு. செட்டிநாட்டுப் பருத்தியில் கட்டம் இல்லாமல் ஒரே நிறத்தில் உடல், அகலக் கரை என்று வருமே, அந்த மாதிரி எடுத்துக்கொள். மாம்பழ மஞ்சள், செங்காவி, பாட்டில் பச்சை மூன்றில் எது இருந்தாலும் கொண்டுவா. "கறுப்பா இருக்கிறவளுக்கு மஞ்சள் எடுக்காது" என்று உன் அத்தை சொல்லிச் சொல்லியே நீ மஞ்சள் கட்டுவதை விட்டாய். எடுக்கும், அருமையாக எடுக்கும். வந்து பார். வெள்ளை மட்டும் வேண்டாம். அவ்வளவு வெள்ளை படத்துக்குள் இருந்தால் கேமராவில் வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். கையால் திருத்தலாம்தான், ஆனால் அப்போது வெள்ளை வெளிறிப் போகும்.

சேலையைக் கட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறாதே. டோம்பிவிலியிலிருந்து சியான் வருவதற்குள் மடிப்பு ஒன்றும் மிஞ்சாது. இஸ்திரி போட்டு மடித்துப் பையில் கொண்டுவா, இங்கே உள்ளறையில் கட்டிக்கொள்ளலாம், கண்ணாடி பெரிதாக இருக்கிறது. காலையில் ஆபீஸ் கூட்டம் குறைந்த பிறகு, பதினொரு மணிக்கு மேல், ஸ்லோ வண்டியில் லேடீஸ் டப்பாவில் ஏறு. ரவிக்கை உனக்கு இப்போது சரியாக இருக்கிறதா என்று ஊரிலேயே போட்டுப் பார்த்துவிடு. தோளில் இறுக்கிப் பிடித்தால் நீ எப்படி உட்கார்ந்தாலும் முகத்தில் தெரியும்.

கண்ணாடியைக் கழற்றலாமா என்றால், கூடாது. உன்னைக் கண்ணாடியோடுதான் எல்லோருக்கும் தெரியும், கழற்றினால் மூக்கில் தழும்பும் தெரியும். ஆனால் வெயிலில் கறுக்கிற வகைக் கண்ணாடியாக இருந்தால் பழைய சாதாரணக் கண்ணாடியையும் எடுத்து வா. வெளியிலிருந்து வந்ததும் அது தெளிய நேரம் பிடிக்கும். கண்ணாடியில் விளக்கு தெரியாமலிருக்க, காதுக்கு மேலே இருக்கிற கம்பியை ஒரு நூல் உயர்த்தி வைப்பேன், லென்ஸ் சற்றே கீழ்நோக்கும், பளிச்சிடுவது போய்விடும். ஸ்டிக்கர் பொட்டில் பளபளப்பு இல்லாததாகப் பார். மூக்குத்தியைக் கழற்றாதே. ஒற்றைக் கல், அதில் ஒரு புள்ளி வெளிச்சம் விழுந்தால் எனக்குப் பிடிக்கும்.

பூ மாட்டுங்காவில் நானே வாங்கி வைத்திருப்பேன். ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கம் உதிரி மல்லியை நம் ஊர்க் கட்டில் நெருக்கிக் கட்டித் தருகிறார்கள். நேர்முகப் படத்தில் பூ தெரியாது. இருந்தாலும் வைத்துக்கொள், நீ உட்காருகிற விதமே மாறும்.

உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்று கவலைப்படாதே. முதல் கால் மணி நேரம் எடுப்பதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அது முகம் இளகுவதற்கு. "சிரி" என்று சொல்ல மாட்டேன். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி உட்காரு, முகத்தை மட்டும் என் பக்கம் கொண்டுவா. தாடையை ஒரு விரல் முன்னுக்குத் தள்ளி லேசாக இறக்கு, செய்கிறபோது கோணலாகத் தோன்றும், படத்தில் கழுத்து தெளிவாக வரும். மூச்சை வெளியே விட்டதும் தோள் இறங்கும், அப்போதுதான் நான் அமுக்குவேன். பதிப்பகத்தார் சாக்பீஸும் கரும்பலகையுமாகக் கேட்டால் அதையும் ஒன்று எடுத்துக் கொடுத்துவிடுவோம். எனக்கு வேண்டியது வேறு. பகா எண்கள் முடிவில்லாமல் போகும் என்று யூக்ளிட் நிறுவியதை மொட்டை மாடியில் சொன்னாயே, "இதுதான் கடைசிப் பகா எண்ணுன்னு வையி, எல்லாத்தையும் பெருக்கி ஒண்ணு கூட்டு" என்று நிறுத்தி, நான் பிடித்துக்கொள்கிறேனா என்று என்னைப் பார்ப்பாய். கேமராவுக்குப் பின்னால் நின்று நான் மறுபடியும் அதைக் கேட்கப் போகிறேன். எனக்குச் சொல்லிக் கொடு. நான் பிடித்துக்கொள்கிறேனா என்று பார்க்கிற அந்த முகம் புத்தகத்தில் வர வேண்டும்.

கண்ணுக்குக் கீழே இருக்கிற சுருக்கத்தை அழிக்க மாட்டேன். அன்றைக்கென்று ஒரு பரு வந்திருந்தால் எடுத்துவிடுகிறேன், அடுத்த வாரம் அது இருக்கப் போவதில்லை. மச்சத்தைத் தொட மாட்டேன்.

பதிப்பகத்தில் மூன்று விஷயம் கேட்டு எழுது. பின்னட்டையில் எவ்வளவு அகலத்துக்குப் போடுகிறார்கள், கலரா கறுப்பு வெள்ளையா, நெடுக்குப் படமா குறுக்குப் படமா. அச்சுக்கு 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி நாசமாகும், மெயிலில் முழுக் கோப்பாக அனுப்புவோம். முகத்தை அவர்கள் பக்கத்தில் வெளுக்கக் கூடாது என்று நீயே உன் கையால் ஒரு வரி எழுதிக் கொடு, எழுதியவள் சொன்னால் கேட்பார்கள். உள்ளே எங்கேயாவது சிறிய எழுத்தில் படம் எடுத்தவள் பெயரையும் போடச் சொல். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முகம் எடுத்திருக்கிறேன், ஒரு புத்தகத்திலும் என் பெயர் வந்ததில்லை. உன் புத்தகத்தில் வந்தால் பெருமையாக இருக்கும்.

எந்த நாள் உனக்குத் தோது என்று மகளிடம் கேட்டு எழுது. ஞாயிறு வேண்டாம், அன்று பாஸ்போர்ட் படக் கூட்டம் ஓயாது. செவ்வாய் அல்லது புதன் என்றால் கடையை மத்தியானம் நமக்காக அடைத்துவிடுகிறேன். சியான் ஸ்டேஷனில் தாராவிப் பக்கம் இறங்கி போன் போடு, பெரியவன் வண்டி கொண்டுவருவான். மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வா. உன் படம் முடிந்ததும் அவர்களோடு ஒன்று, உன் மகளைத் தனியாக ஒன்று எடுக்க வேண்டும்.

அன்புடன்
கோமதி